தோள் தட்டுற சத்தம்

போன ஞாயித்துக்கிழமை இங்க யாங்கூன்ல ஒரு டென்னிஸ் மேட்ச்ல மண்ணைக் கவ்வினேன் மக்களே. எதிராளிக்கு எங்கப்பா வயசு. ஸ்கோர் மட்டும் கேட்காதீங்க :-)

முந்தின ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தீசிஸ். காலைல ரெண்டு கிண்ணம் மொஹிங்கா. நேரா கோர்ட்டுக்குப் போய் முதல் சர்வுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டா, கை நடுங்குது. பெஞ்ச்ல உட்கார்ந்திருந்த பெரியவர், மூணு தலைமுறையா இங்கயே இருக்கிற தமிழர், ஆட்டம் முடிஞ்சதும் சொன்னார்: "தம்பி, நீ உள்ள வரும்போதே தோத்துட்டே. லெத்வே பாத்ததில்லையா?"

லெத்வே பர்மாவோட பாரம்பரியக் குத்துச்சண்டை. கையுறை கிடையாது, துணிக்கட்டு மட்டும்தான். தலையால முட்டலாம். பாரம்பரிய விதிப்படி புள்ளிக் கணக்கும் இல்லை. கடைசி வரை ரெண்டு பேரும் நின்னா டிரா. ஆனா எனக்குப் பிடிச்சது சண்டைக்கு முன்னாடி நடக்குறது. மேளமும், நம்ம நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கிற ஹ்னேவும் முழங்க, வீரர் மேடையில ஒரு நடனம் ஆடுவார். இடது கையை மடக்கி, வலது உள்ளங்கையால தோள்பக்கம் 'பட்'டுன்னு அடிப்பார். பேரு லெக்க மவுன். நம்ம ஊர் மல்லர்கள் தொடை தட்டுற மாதிரியேதான். எதிராளிக்கு அது சவால். தனக்கு? உடம்பு சூடாகுது, மூச்சு சீராகுது, பயம் ஒரு தாளத்துக்குள்ள அடங்குது.

இந்த ஆட்டத்துக்கு நவீன விதிகள் அமைச்சதுல முக்கியமானவர் ச்சா பா ந்யெய்ன். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ்ல குத்துச்சண்டை போட்டவர். ஒலிம்பிக் மேடையைப் பார்த்துட்டு வந்த பிறகும் லெத்வேயில அந்த நடனம் நின்னுடலை. 2016 டிசம்பர்ல யாங்கூன் தெய்ன்ப்யூ மைதானத்துல துன் துன் மின்னை ஜெயிச்சு பட்டம் வாங்கின டேவ் லெடுக் கனடாக்காரர். அவரும் தோள் தட்டித்தான் ஆடுவார்.

டென்னிஸ் இந்த ஊருக்கு வெள்ளைக்காரங்க கிளப்புகள் வழியா வந்தது. அதுல தோள் தட்டினா அநாகரிகம். அதுக்குப் பதிலா அஞ்சு நிமிஷ வார்ம்-அப். அதுலயும் ஒரு வேடிக்கை, யாரைத் தோற்கடிக்கணுமோ அவரோடவே சேர்ந்து பந்து அடிச்சுப் பழகணும்! அந்த அஞ்சு நிமிஷத்துல அவரோட பேக்ஹேண்டைக் கவனிக்காம நான் என் தீசிஸை நினைச்சுக்கிட்டிருந்தேன்.

லெத்வேயில இன்னொரு விதி. அடி வாங்கி மயங்கி விழுந்தாலும் ஒரே ஒரு தடவை ரெண்டு நிமிஷம் கேட்கலாம். தண்ணி தெளிச்சு, தேய்ச்சு எழுப்பி மறுபடி அனுப்புவாங்க. அதாவது தயாராகுறது ஆட்டத்துக்கு முன்னாடி மட்டும் இல்லை, நடுவுலயும் உண்டு.

இதைக் கேட்டதும் ராமநாதன் கிருஷ்ணன் ஞாபகம்தான் வந்தது. 1966, கல்கத்தா சவுத் கிளப், டேவிஸ் கோப்பையில பிரேசிலோட மோதல். 2-2ன்னு சமநிலை. கடைசி ஆட்டம் தாமஸ் கோச்சோட. ரெண்டு செட் போயாச்சு, நாலாவது செட்ல 2-5. கூட்டம் கிளம்பிடுற கட்டம். அங்கேர்ந்து வரிசையா அஞ்சு கேம் எடுத்து 7-5, அடுத்த செட் 6-2. இந்தியா முதல் தடவையா இறுதிப் போட்டிக்குப் போச்சு. அவர்கிட்ட மின்னல் சர்வ் கிடையாது. யாரும் தண்ணி தெளிச்சு எழுப்பவும் இல்லை. எழுந்தது அவரேதான்.

அடுத்த மாசம் எனக்கு வைவா. போன செமினார்ல முதல் கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கிச்சு. டென்னிஸ்ல நடுங்கின அதே கைதான். இந்தத் தடவை முந்தின ராத்திரி தூக்கம், காலைல அரை வயித்துக்கு மொஹிங்கா, அறைக்கு வெளிய அஞ்சு நிமிஷம் நடை. நடுவுல தடுமாறினா, 2-5ன்னு நினைச்சுக்கணும். ஆட்டம் இன்னும் முடியலை.

யாரும் பார்க்கலைன்னா ஒரு தடவை தோளையும் தட்டிக்குவேன் :-)

நீங்க பரீட்சைக்கோ மேட்சுக்கோ முன்னாடி என்ன பண்ணுவீங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.