உப்புத் தண்ணி ஜாடியும் ஈ.சி.ஜி. பனியனும்

ஈ.சி.ஜி. எடுக்கிற பனியனைப் பத்தி ஒரு பதிவு போடணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா பனியனுக்கு முன்னாடி உப்புத் தண்ணியைப் பத்திச் சொல்லியாகணும்.

நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் வில்லெம் ஐந்தோவன் என்ற பேராசிரியர் 1900களின் தொடக்கத்தில் இதயத்தின் மின்சாரத்தை அளக்க ஒரு கருவி செய்தார். காந்தத்துக்கு நடுவே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை. இதயத்திலிருந்து வரும் துளி மின்சாரம் பாய்ந்தால் அது ஆடும். அந்த நிழலைப் படம் பிடிப்பார்கள். கருவியின் எடை சுமார் 270 கிலோ, இயக்க 5 பேர்! நோயாளி ரெண்டு கையையும் இடது காலையும் உப்புக் கரைசல் ஜாடிக்குள்ள விட்டுக்கிட்டு உக்காரணும். காய்ஞ்ச தோல் மின்சாரத்தை லேசுல வெளிய விடாது, அதான் காரணம். (இந்த ஈர விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.) அவருக்கு 1924ல் நோபல் பரிசு கிடைச்சது.

கருவி சின்னதாகி ஆஸ்பத்திரிக்கு வந்தும் ஒரு சிக்கல் தீரலை. படபடப்பு டாக்டர் முன்னாடி வராது. மெக்கானிக்கிட்ட வண்டியைக் கொண்டுபோனதும் சத்தம் நின்னுடுமே, அந்தக் கதைதான். அதனால் கருவி மனுஷனோடவே நடமாடணும்னு யோசிச்சவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து நார்மன் ஹோல்டர். 1940களின் கடைசியில் அவர் முதுகில் சுமந்த ரேடியோ கருவி சுமார் 38 கிலோ. அதைக் கட்டிக்கிட்டு சைக்கிள் மிதிச்சார் மனுஷன்! 1961ல் 'சயின்ஸ்' இதழில் அவர் கட்டுரை வந்தப்போ கருவி ரொம்பவே சுருங்கியிருந்தது. இன்னிக்கும் அதுக்கு அவர் பேர்தான். எங்கப்பாவுக்கு ஒருமுறை ஹோல்டர் மாட்டினாங்க. ரெண்டாம் நாள் ஜெல் ஒட்டின இடமெல்லாம் செவந்து போய், "பிச்சுப் போட்டுடவாடா?"ன்னு கெஞ்சினார்.

ஒட்டாமலே எடுக்க முடியாதா? இங்கதான் துணி வருது.

1996ல் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக்கில், அமெரிக்கக் கடற்படையின் பணத்தில் ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சது. தலைமை தாங்கியவர் சுந்தரேசன் ஜெயராமன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக்., எம்.டெக். படிச்சவர். போர்க்களத்தில் பலர் அடிபட்டுக் கிடக்கும்போது யாரை முதலில் காப்பாத்துறதுன்னு மருத்துவர் முடிவெடுக்கணும், அதுக்கு உதவத்தான் இந்தச் சட்டை. தறியில் வெட்டாமல் ஒரே துண்டாக நெய்து, உள்ளே ஒளியிழையைச் சுத்திச் சுத்தி ஓட்டினார்கள். குண்டு துளைச்சா இழை அறுந்து இடம் தெரியும். மின்சாரம் கடத்தும் நூல்கள் இதயத் துடிப்பு சென்சாரின் சேதியைக் கொண்டுபோகும். சட்டையின் பேர் 'வேரபிள் மதர்போர்டு'. கவனிங்க, இதில் துணி வெறும் ஒயர்தான், சென்சாரைத் தனியா மாட்டணும்.

துணியே சென்சார் ஆனது அடுத்த கட்டம். 2002ல் தொடங்கிய 'வெல்த்தி' என்ற ஐரோப்பியத் திட்டத்தில், இத்தாலிக்காரர்கள் எஃகு இழையைச் சாதாரண நூலோடு முறுக்கிப் பின்னினார்கள். ஜரிகை நெய்கிற நமக்கு இது புதுசா என்ன? :-) சும்மா சொல்லலை. 1990களில் எம்.ஐ.டி.யில் துணியில் மின்சுற்று செய்யப் பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டது, இந்தியாவில் பழக்கத்தில் இருந்த உலோக இழைப் பட்டுத் துணியைத்தான்.

அப்புறம் ஏன் கடையில் ஈ.சி.ஜி. பனியன் குவியலை? உடம்பு அசைஞ்சா துணி நழுவும், கோடு கிறுக்கலாகும். நழுவாம இருக்க இறுக்கிப் பிடிக்கணும். எழுபது வயசுக்காரர் அதைத் தலைவழியா மாட்டிக் கழட்டுறதை யோசிச்சுப் பாருங்க. துவைக்கத் துவைக்க வெள்ளிப் பூச்சு தேயும். எல்லாத்துக்கும் மேல, ஈரம். வியர்வை வந்தப்புறம்தான் சிக்னல் தெளியுது, அதுவரைக்கும் துணியை லேசா நனைச்சுக்கச் சொல்றாங்க. ஐந்தோவன் ஜாடியின் மிச்சம்!

2018ல் ஆப்பிள் வாட்ச், விரல் வெச்சா 30 விநாடியில் ஈ.சி.ஜி. காட்டி, சட்டையின் இடத்தைப் பாதி பிடிச்சுக்கிச்சு. ஆனா அது நாமளா விரல் வெச்சாத்தான். தூங்கும்போதும் ஓடும்போதும் நெஞ்சிலேயே உட்கார்ந்து, மூச்சையும் சேர்த்து அளக்க பனியன்தான் சரின்னு எனக்குப் படுது. கனடாக்காரங்களும் அப்படித்தான் நினைச்சாங்க போல. 2019ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் அவங்க வீரர் டேவிட் செயின்ட்-ஜாக் 'பயோ-மானிட்டர்' சட்டையைப் போட்டுச் சோதிச்சார்.