வஞ்சியில் எழுந்த வினா

சமயம், இறையியல், மெய்யியல் என்னும் மூன்றையும் ஒன்றாகவே பேசிவருகிறோம். சீத்தலைச் சாத்தனார் அவ்வாறு மயங்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிப் பசித்தோர்க்கு மணிமேகலை சோறிட்டது சமயம். அங்கே வாதத்திற்கு இடமில்லை.

27ஆம் காதையில் அவள் மாதவன் வடிவில் வஞ்சி நகரில் சமயக்கணக்கர் பதின்மரைக் காண்கிறாள். சைவவாதி தன் இறைவனின் இயல்பை விரிப்பது இறையியல். ஆயின் சாங்கியனுக்கோ பூதவாதிக்கோ படைப்போன் வேண்டுவதில்லை. இறையியல் என்னும் சொல் அவர்களைத் தழுவாது. ‘சமயக்கணக்கர்’ என்பதே செம்மையான சொல்லாட்சி எனத் தோன்றுகிறது.

மெய்யியல் தலைகாட்டுவது பூதவாதியின் முன்னிலையில். காட்சியை மட்டும் ஏற்று அனுமானத்தை மறுக்கிறான் அவன். முற்பிறப்பை அறிந்ததாக மணிமேகலை கூற, மயக்கம் என இகழ்கிறான். உடனே அவள், தாய் தந்தையர் இன்னாரென்பதை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்று வினவுகிறாள். தெய்வத்தையோ நூலையோ துணைக்கு அழையாத வினா அது! இப்பகுதியையும் 29ஆம் காதையையும் கவிதையன்று எனத் தள்ளும் கவிஞரோடு எனக்கு உடன்பாடில்லை. பூதவாதி மறுத்த அந்த அனுமானத்தையே 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் முறையாகக் கற்பிக்கிறார்: அளவைகள் காட்சியும் அனுமானமுமாகிய இரண்டே, போலிகள் பல. இவற்றையெல்லாம் கேட்டறிந்த பின்னரே, 30ஆம் காதையின் இறுதியில், பிறவி அறுக அவள் நோற்கிறாள்.