மேற்கு நோக்கி நடந்த படை

குற்றால அருவி, குளிக்க வருவோரின் குலம் கேட்டு விழுவதில்லை. அந்த அருவியை அடுத்த தென்காசி, கடையநல்லூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குக் கடல் கடந்தோர் பலர். அவர்கள் குடியேறிய அந்நகரின் கடற்கரைப் பூங்காவில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. நம் வரலாற்றில் பாதியை அது சொல்கிறது. மீதியை நாம் சொல்லியாக வேண்டும்.

1945 ஜூலை 8ஆம் நாள், இந்திய தேசிய இராணுவத்தில் மாண்டோர்க்காகச் சுபாசு சந்திரபோசு அங்கே அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் மூன்று உருதுச் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதைத் தகர்த்தெறிந்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின், 1995இல், அவ்விடத்தில் சிங்கப்பூர் அரசு புதிய சின்னம் நிறுவியது.

யார் அந்தப் படையினர்? போர்க்கைதிகளாய் இருந்த சிப்பாய்கள் மட்டுமல்லர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழரும் தாமே முன்வந்து சேர்ந்தனர். கேப்டன் இலட்சுமி தலைமையேற்ற ஜான்சிராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர்.

1944 மார்ச்சில் பர்மாவின் சிந்துவின் ஆற்றைக் கடந்து, மேற்கே இம்பாலை நோக்கிப் படை நடந்தது. ஏப்ரல் 14இல் மணிப்பூரின் மொய்ராங்கில் கொடி ஏறியது. பின்னர் மழை வந்தது; பசி வந்தது; நோய் வந்தது. ஜூலையில் படை பின்வாங்கிற்று.

துணை நின்ற ஜப்பானியரைத் தேவதூதராக்க நாம் முனையவில்லை. அவர்கள் போட்ட சயாம் ரயில்பாதையில் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். அதையும் மறைக்காமல் சொல்வதுதான் வரலாறு.

தோற்ற படைக்கு நினைவுச் சின்னம் ஏன்? களத்தில் தோற்ற அப்படை, பாசறையில் ஒரு வெற்றி கண்டது. அங்கே சாதிக்கொரு சமையல் இல்லை. மதத்திற்கொரு பந்தி இல்லை. 1943இல் சிங்கப்பூர்ச் செட்டியார் கோயிலுக்கு அழைக்கப்பட்ட போசு, எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உடன்வர இசைந்தாலன்றி வரமாட்டேன் என்றார். கதவு திறந்தது, முஸ்லிம் அதிகாரிகளும் உள்ளே சென்றனர். அடுக்களையிலும் ஆலயத்திலும் ஆயிரங்காலம் அசையாத கோட்டை, ஓர் ஆணையில் அசைந்தது!

அயல்மண்ணில், சாவின் வாயிலில் முடிந்த ஒன்று, அமைதியான நம் ஊர்த் தெருவில் முடியாதா? சிங்கப்பூரில் கல்லை உடைத்தவன் அந்நியன். பாசறையின் பொதுப்பானையை உடைத்தவர் யார்? நாமல்லவா! கல்லை மீண்டும் நட்டுவிட்டார்கள். இளைஞரே, அந்தப் பானையை அடுப்பேற்றப்போவது யார்?