அல்சர் காரத்தால வருதா? கிருமியைக் குடிச்ச டாக்டரின் கதை

1/ "நேரத்துக்குச் சாப்பிடல, காரம் ஜாஸ்தி, டென்ஷன் வேற. அதான் அல்சர்." நம்ம வீடுகள்ல மட்டும் இல்லீங்க, 1980கள் வரை உலகம் முழுக்க டாக்டர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னாங்க. அமிலத்தைக் குறைக்க மாத்திரை. நிறுத்தினா புண் திரும்ப வரும். பலருக்கு இரைப்பையின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தாங்க.

2/ 1979, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம். நோயாளிகளின் இரைப்பைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்த ராபின் வாரன் கண்ணில் வளைந்த பாக்டீரியாக்கள் பட்டன. அவ்வளவு அமிலத்துல எந்தக் கிருமியும் வாழாதுன்னு எல்லாரும் நம்பின காலம் அது.

3/ 1981இல் பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் கூடச் சேர்ந்தார். கிருமியை லேபில் வளர்க்கப் பார்த்தாங்க, வளரல. 2 நாளில் தட்டுகளைத் தூக்கிப் போடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் லீவில் தட்டுகள் கூடுதலா சில நாள் இன்குபேட்டரிலேயே கிடந்தன. வந்து பார்த்தா வளர்ந்திருக்கு! மெதுவா வளர்ற கிருமி, அவ்வளவுதான். அதுதான் ஹெலிகோபேக்டர் பைலோரி.

4/ யாரும் நம்பல. 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தானே குடிச்சார். சில நாளில் குமட்டல், வாந்தி. 10ஆம் நாள் எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி; திசுவில் அதே கிருமி.

5/ அமிலத்துல எப்படித் தாக்குப்பிடிக்குது? யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைச்சு அம்மோனியா உண்டாக்கும். சுற்றியுள்ள அமிலம் தணியும். திருகு வடிவ உடலும் வாலும் இருப்பதால, சளிப்படலத்தைத் துளைச்சு உள்ளே போய் செல்லில் ஒட்டிக்கும்.

6/ சில வகைகள் ஒருபடி மேலே. ஊசி போடற மாதிரி 'கேக்-ஏ' என்ற புரதத்தை நம்ம செல்லுக்குள்ளேயே செலுத்தும். நம்ம செல்லின் நொதிகளே அதை முடுக்கிவிடும்! செல்லின் வடிவமும் வளர்ச்சிக் கட்டுப்பாடும் குலையும். பல வருஷ அழற்சியோட இதுவும் சேர்ந்தா, சிலருக்குப் புற்றுநோய் வரை போகலாம். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது.

7/ 2005இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு.

8/ கிருமி இருக்கிற பெரும்பாலானோருக்குத் தொந்தரவே வராது. வலி மாத்திரைகளாலும் அல்சர் வரும். ஆனா வருஷக்கணக்கா கேஸ் மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டு இருந்தா, ஒரு தடவை டாக்டரிடம் பரிசோதனை பற்றிக் கேளுங்க. ஆன்டிபயாட்டிக் கொடுத்தா, வலி போயிடுச்சுன்னு பாதியில நிறுத்தாதீங்க. கறுப்பு மலம், ரத்த வாந்தி, காரணமில்லாத எடை குறைவு இருந்தா உடனே போங்க.

காரத்தைக் குறைச்சா எரிச்சல் குறையலாம். கிருமி போகாதுங்க.