கடல் கடந்த யாத்திரையும் ஊருக்குரிய செய்தியும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர், பாளையத்துப் புனித சூசையப்பர் பேராலயத்தையும் பட்டத்திலுள்ள புனித மரியன்னை பேராலயத்தையும் நன்கு அறிவர். முன்னது இலத்தீன் முறையினருக்கும், பின்னது மலங்கரை முறையினருக்கும் உரியது. இத்தகைய ஆலயங்களில் வழிபடும் வாலிபருக்கு அயல்நாட்டுப் பயணம் ஒன்று அழைப்பாக நிற்கிறது. அதுவே உலக இளைஞர் தினம் எனப்படும் கத்தோலிக்க மாநாடு.

இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் 1986 பிப்ரவரியில் திருவனந்தபுரத்துக்கு வருகை தந்தார். அடுத்த மாதமே, குருத்து ஞாயிறன்று, முதல் உலக இளைஞர் தினம் கொண்டாடப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளுக்கொருமுறை ஏதேனும் ஒரு நாட்டில் இளைஞர் கூடுகின்றனர். 1995-இல் மணிலாவில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாக மதிப்பிட்டனர். 2023 ஆகஸ்டில் லிஸ்பனில் நிகழ்ந்த நிறைவுத் திருப்பலியில் சுமார் பதினைந்து லட்சம் பேர் கலந்துகொண்டனர். அவர்களுள் இந்திய இளைஞரும் இருந்தனர்.

லிஸ்பன் என்ற பெயர் கேரளக் கிறிஸ்தவர்களுக்குப் புதியதன்று. 1501-ஆம் ஆண்டிலேயே, கப்ராலின் போர்த்துக்கீசியக் கப்பல்களில் கொடுங்கல்லூரைச் சேர்ந்த ஜோசப் என்னும் குருவானவர் அந்நகரை அடைந்தார். உடன் புறப்பட்ட சகோதரர் மத்தியாஸ் அப்பயணத்திலேயே உயிர் நீத்தார். ஜோசப் ரோமாபுரிக்கும் வெனிஸ் நகருக்கும் சென்று, மலையாளக் கரையின் வாணிபத்தையும் மக்களின் வழக்கங்களையும் எடுத்துரைத்தார். அச்செய்திகள் 1507-இல் இத்தாலியிலுள்ள விசென்சாவில் அச்சேறின. ஐரோப்பியர் நம் நாட்டைப் பற்றி அறிந்துகொண்டனர். ஆயின் ஐரோப்பாவைப் பற்றி அவர் தம் ஊராருக்கு எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

அக்குறையை நீக்கியது 1778-இல் தொடங்கிய பயணம். கரியாட்டில் ஜோசப் மல்பான், பாறேம்மாக்கல் தோமாக் கத்தனார் ஆகிய இருவரும், ரோமாபுரியில் கல்வி பயிலவேண்டிய இரு சிறுவர்களை உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டனர். தமிழ்நாட்டின் வழியாகச் சென்னையை அடைந்து, அங்கே கப்பலேறினர். அந்நாளில் சூயஸ் கால்வாய் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, 1779-இல் லிஸ்பனை அடைந்தனர்.

அவர்கள் சென்றது ஊர் காண்பதற்கன்று. பிளவுண்டு கிடந்த தம் கிறிஸ்தவ சமூகம் ஒன்றுசேரவேண்டும். தம் இனத்தவரே தமக்கு மேற்றிராணியாராக அமையவேண்டும். இவையே அவர்கள் சுமந்துசென்ற விண்ணப்பம். ரோமாபுரியில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு மனத்தைக் குளிர்விப்பதாயில்லை. எனினும் அவர்கள் தளரவில்லை. 1783-இல் கரியாட்டில் லிஸ்பனில் கொடுங்கல்லூர் அதிமேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். ஆனால் சொந்த மண்ணை மிதிக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. திரும்பும் வழியில், 1786 செப்டம்பரில், கோவாவில் காலமானார். எட்டாண்டுக் காலம் உடனிருந்த தோழரை இழந்த தோமாக் கத்தனாரே, 1799-இல் தாம் இறக்கும்வரை அப்பீடத்தின் நிர்வாகப் பொறுப்பை ஏற்று நடத்தினார்.

அவர் மற்றொரு பெரும்பணியும் செய்தார். தாம் கண்டதையும், பட்ட அவமதிப்பையும், வாதாடிய நியாயங்களையும் மலையாளத்தில் எழுதிவைத்தார். அதுவே 'வர்த்தமானப் புஸ்தகம்'. இந்திய மொழிகளில் எழுந்த முதல் பயண நூல் என்று அறிஞர் பலர் இதனைப் போற்றுகின்றனர். வர்த்தமானம் என்பது செய்தி. தம்மை அனுப்பிய மக்களுக்கு நடந்ததை ஒப்புவிப்பது தம் கடமை என அவர் கருதினார். ஆயினும் அந்நூல் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஏட்டளவிலேயே இருந்து, 1936-இல்தான் அச்சு வாகனம் ஏறியது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு திருவனந்தபுரத்தின் பெயரை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர் மார் இவானியோஸ். 1930-இல் கத்தோலிக்கத் திருச்சபையோடு இணைந்த அவர், தம் மக்களின் சுரியானி வழிபாட்டு முறையைக் கைவிடவில்லை. 1932 ஜூன் 11-இல் திருவனந்தபுரம் மலங்கரைத் திருச்சபையின் தலைமைப் பீடமாக அமைக்கப்பட்டது. அதே மாதம் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் நிகழ்ந்த அனைத்துலக நற்கருணை மாநாட்டிலும் அவர் பங்குகொண்டார். அம்மாநாட்டுக்குப் பதினொன்றாம் பயஸ் பாப்பரசர் நேரில் வரவில்லை. ரோமாபுரியிலிருந்து அவருடைய குரல் வானொலி வழியே வந்தது. பீனிக்ஸ் பூங்காவில் கூடியிருந்த லட்சக்கணக்கான மக்கள் அக்குரலை ஒலிபெருக்கியில் கேட்டனர். கடல்கடந்த செய்திக்கு மாதக்கணக்காகக் காத்திருந்த காலம் அன்றே முடிவுறத் தொடங்கிவிட்டது.

இன்று விமானம் ஏறும் வாலிபர் ஒரே நாளில் லிஸ்பனை அடைகின்றனர். அங்கு எடுத்த புகைப்படம் அந்நொடியே வீட்டாரின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. ஆனால் படம் வேறு, வர்த்தமானம் வேறு. பலமொழி பேசுவோர் கூடிய இடத்தில் தன் மொழிக்கும் தன் வழிபாட்டு முறைக்கும் என்ன இடம் கிடைத்தது, எதனை வியந்தோம், எதனை ஏற்க இயலவில்லை என்பவற்றை ஊராருக்கு எடுத்துச் சொன்னாலன்றி அப்பயணம் சென்றவரோடு முடிந்துபோகும். பயணச்செலவு மிகுதி. ஒருவர் செல்ல, அதே ஆலயத்தில் நூறு பேர் செல்ல இயலாமல் நிற்கின்றனர். அந்நூறு பேருக்கும் சென்றவர் கடமைப்பட்டவர்.

சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களுக்கு இக்கடமை விளங்காததன்று. ஊருக்குக் கடிதம் எழுதிய தலைமுறையின் மக்கள் அவர்கள். அடுத்த உலக இளைஞர் தினம் 2027-இல் கொரிய நாட்டின் சியோல் நகரில் என்று லிஸ்பனிலேயே அறிவிக்கப்பட்டது. அங்குச் செல்லும் வாலிபர் எம்மதத்தினராயினும் படித்துப் பயன்கொள்ளத்தக்க அந்தப் பழைய பயண நூலைப் புறப்படுமுன் ஒருமுறை புரட்டிப்பார்ப்பாராக. திரும்பி வந்தபின், தம் தாய்மொழியில் நான்கு பக்கமாயினும் எழுதி ஊராருக்குப் படித்துக் காட்டுவாராக.