டெப் காட்டும் காணியும் காட்டாத உறுதியும்

மூன்று வருடங்களுக்கு முன், கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல் வரம்பொன்றில் நின்று, வட்ஸ்அப் வீடியோவில் ரொறன்ரோவிலிருந்த பெரியப்பாவின் மகனுக்கு இரண்டு ஏக்கர் காணியைக் காட்டியது நான்தான். பக்கத்தில் நின்ற தரகர் பெரிய டெப் ஒன்றை வைத்திருந்தார். அதில் ட்ரோன் காணொளி, கூகுள் வரைபடத்தில் நாலு மூலைக்கும் குத்திய சிவப்புப் புள்ளிகள், பழைய பத்திரமொன்றின் படம் எல்லாம் இருந்தன. "அண்ணை, இந்தா வாய்க்கால், இதுதான் உங்கட எல்லை" என்று விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். கால போகத்துப் பயிர் பச்சைப் பசேல் என்று நின்றது. அண்ணாவுக்கு அங்கேயே பிடித்துவிட்டது. அடுத்த நாளே ஐந்து இலட்சம் ரூபா முற்பணம் வந்தது.

ஒரு வாரம் கழித்து முருங்கன் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "உறுதிக் காணியோ, பேர்மிட் காணியோ, தம்பி?" எனக்குத் தெரியவில்லை. டெப்பில் பார்த்த பத்திரத்தின் படத்தை அன்றிரவுதான் ஒழுங்காக வாசித்தேன். அது அனுமதிப்பத்திரம்.

குளத்துக்குக் கீழான நெற்காணிகளில் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கியவை. அனுமதிப்பத்திரக் காணியை வைத்திருப்பவர் தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியாக இருந்தாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் செய்யும் கைமாற்றம் செல்லாது. இன்னொன்றும் இருக்கிறது: கட்டுக்கரைக் குளம் 1954இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அதன் எல்லைக் கோடு தரகரின் வரைபடத்தில் இருக்கவில்லை.

டெப்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காணி பேசும் இடத்தில் அது நல்ல கருவி. முன்பென்றால் உறுதியின் மங்கிய பிரதி ஒன்றைச் சுற்றி நாலு பேர் குனிந்து நிற்க வேண்டும். இப்போது நில அளவையாளரின் வரைபடத்தைத் திரையில் விரித்து, துண்டு இலக்கத்தைப் பெரிதாக்கி, உறுதியின் அட்டவணையில் எழுதியிருக்கும் எல்லைகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். மூன்று நாடுகளில் சிதறியிருக்கும் சகோதரர்கள் ஒரே நேரத்தில் பார்க்கலாம். வயலுக்குப் போகுமுன் வரைபடத்தைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். வயலுக்குள் நிற்கும்போது சிக்னலை நம்பியிருக்க வேண்டியதில்லை. கணினியில் கூகுள் ஏர்த்தைத் திறந்தால் அதே இடத்தின் பழைய செய்மதிப் படங்களும் கிடைக்கும். மாரியில் தண்ணீர் நிற்கிறதா, பத்து வருடத்துக்கு முன் அது வயலா காடா என்று பார்த்துவிடலாம். என் கணக்கில் ட்ரோன் காணொளியைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளி எல்லைக்கல் அல்ல. திறந்த வெளியில்கூட சாதாரண கைபேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ ஐந்து மீற்றர் முன்பின் காட்டும். ஐந்து மீற்றருக்கு ஐந்து மீற்றர் சதுரம் என்பது கிட்டத்தட்ட ஒரு பேர்ச். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. வீட்டுக் காணி ஒன்றில் இந்தப் பிசகு ஒரு கிணற்றையே பக்கத்துக் காணிக்குள் தள்ளிவிடும். கல்லைக் காட்ட வேண்டியவர் நில அளவையாளர்தான்.

அடுத்தது சட்டம். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அசையாச் சொத்தின் விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிட வேண்டும். 2006இல் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்தபோதும் காணி விற்பனையும் அற்றோணித் தத்துவமும் அதற்கு வெளியே வைக்கப்பட்டன. ஆகவே திரையில் விரலால் வைக்கும் கையெழுத்தும், வட்ஸ்அப்பில் அனுப்பும் "சரி"யும் காணியைக் கைமாற்றாது.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் இன்னொன்றையும் முதலிலேயே பார்க்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குப் பொதுவாகக் காணியை விற்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. அண்ணாவிடம் இருந்தது கனடாக் கடவுச்சீட்டு மட்டும். சரியான உறுதிக் காணியாக இருந்திருந்தாலும் அவர் பெயரில் எழுதியிருக்க முடியாது. அந்தச் சந்திப்பில் தரகரும் இதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது யாராவது இப்படி ஒரு சந்திப்புக்குக் கூப்பிட்டால், டெப்பில் உள்ள ஆவணங்களை என் போனுக்கு அனுப்பச் சொல்வேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதில் பயனில்லை. உறுதி இலக்கமும் வரைபட இலக்கமும் கிடைத்தால் மன்னார் காணிப் பதிவகத்தில் தேடலாம். அந்தக் காணி ஏற்கெனவே ஈட்டில் இருக்கிறதா, வேறொருவருக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்பது அங்கே தெரியும். தேசவழமை பொருந்தும் காணியென்றால், பங்காளிகளுக்கு முன்விற்பனை அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்பதையும் நொத்தாரிசிடம் கேட்க வேண்டும். அரச காணியென்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளை. நானாட்டானா மாந்தை மேற்கா என்று கிராம அலுவலர் சொல்வார். அனுப்பத் தயங்கும் தரகரோடு நான் வயலுக்குப் போவதில்லை.

அண்ணாவின் முற்பணத்தில் பாதி, பல தவணைகளில் திரும்பி வந்தது. மீதியைக் கேட்பதற்கு எங்களிடம் இருப்பவை வங்கி ரசீதும், தரகர் அனுப்பிய வட்ஸ்அப் குரல் பதிவுகளும், வரம்பில் நின்று நான் எடுத்த பதினொரு நிமிட வீடியோவும்தான்.