வன்தட்டு அணியும் ஏட்டுச் சுவடியும்

நெளுக்குளத்தின் பெயரிலேயே குளம் உண்டு. வன்னி நாட்டு ஊர்ப்பெயர்கள் பல அவ்வாறே முடிதலை யாவரும் அறிவர். மாரி காலத்திலே மேற்குளம் உடைப்பெடுக்குமாயின், அதன் வெள்ளம் முழுவதையும் கீழ்க்குளமே ஏற்றல் வேண்டும். தன் நீரையே தாங்க மாட்டாது நிற்கும் அலைகரை, பிறிதொரு குளத்தின் நீரை எங்ஙனந் தாங்கும்? 1957 ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் அநுராதபுரத்தை அடுத்த நாச்சியாதீவுக் குளம் உடைந்த காலத்து, உலர்வலயத்துக் குளங்கள் பல உடைப்பெடுத்தன. ஒன்றன் கேடு ஏனையவற்றின்மேற் சுமையாய் விழுதல் என்னும் இவ்வியல்பு, கணினியின் வன்தட்டுக்களுக்கும் உண்டு.

1956 இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறி, 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகளைக் கொண்டிருந்தது. அது கொண்ட எழுத்துக்களோ ஏறத்தாழ 50 இலட்சமே. அதன்பின் முப்பதாண்டு காலம் பெருங்கணினிகள் விலைமிக்க பெருந்தட்டுக்களையே நம்பியிருந்தன. 1988 இல் கலிபோணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சார்ந்த பற்றர்சன், கிப்சன், கற்சு என்னும் மூவர், மலிவான சிறுதட்டுக்கள் பலவற்றை ஓரணியாய் இணைத்தல் நன்றென ஒரு கட்டுரையில் வாதித்தனர். 'றெயிட்' என்னும் பெயர் அக்கட்டுரையாற் பிறந்தது.

அவர்கள் தம் கருத்தின் குறையைத் தாமே முதலிற் கணக்கிட்டுக் காட்டினமை பாராட்டற்குரியது. தட்டொன்று சராசரி 30,000 மணித்தியாலம் உழைக்குமாயின், நூறு தட்டுக்கள் சேர்ந்தவிடத்து 300 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒன்று பழுதுறும். அஃதாவது, இரண்டு கிழமைகூட இல்லை. இதற்கு மாற்றாக அவர்கள் அமைத்த முறைகளுள் ஒன்றைச் சிறு கணக்கால் விளக்கலாம். மூன்று தட்டுக்களில் 12, 7, 9 என்னும் எண்கள் உள்ளன. நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 28 எழுதப்படுகின்றது. இரண்டாந் தட்டு அழியின், 28 இலிருந்து 12 ஐயும் 9 ஐயும் கழிக்க, இழந்த 7 மீளும். பொறியானது கூட்டுத்தொகைக்குப் பதிலாக ஒற்றை இரட்டை பார்க்கின்றது, தத்துவம் ஒன்றே. இக்கருத்தின் வித்து, ஐ.பி.எம். நிறுவனத்து ஓச்சி என்பார் 1978 இற் பெற்ற காப்புரிமத்திலும் உண்டு.

இனி, தட்டொன்று நோயுறுங்கால் நிகழ்வது யாது? 2007 இல் கூகிள் நிறுவனத்து ஆய்வாளர் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுக்களை ஆராய்ந்து, வாசிப்புச் சோதனையில் முதற் பிழை காட்டிய தட்டு அடுத்த 60 நாள்களுள் அழிதற்குரிய வாய்ப்பு, பிழை காட்டாததனை நோக்க 39 மடங்கு எனக் கண்டனர். அறிகுறி எதுவுங் காட்டாது திடீரென மாய்ந்தனவும் பல. ஆதலின், பிழை கண்டவுடன் தட்டினை மாற்றுதலே அறிவுடைமை எனத் தோன்றும். ஆயின் அதற்கு முன்னர்ச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. புதுத்தட்டை நிரப்புதற்கு எஞ்சிய தட்டுக்கள் அனைத்தும் முதலிலிருந்து முடிவுவரை வாசிக்கப்படல் வேண்டும். 20 தெராபைற்றுத் தட்டொன்றை நொடிக்கு 250 மெகாபைற்று வீதம் இடையறாது எழுதினும் 22 மணித்தியாலஞ் செல்லும். உடன்வாங்கிய தட்டுக்களாயின் அவையும் ஒத்த முதுமையின. கீழ்க்குளத்தின் நிலை இதுவே. எனவே, பெறற்கரியவற்றை வேறிடத்திற் படியெடுத்த பின்னரே மாற்றுதல் வேண்டும். மாற்றும்போதும் தட்டின் தொடரிலக்கத்தை இருமுறை நோக்குதல் நன்று. நோயுற்றதை விட்டு நலமுடையதைப் பிடுங்கிவிட்டால், ஒரு தட்டின் இழப்பை மட்டுமே தாங்கும் அணி அக்கணமே குலையும். இரண்டு தட்டுக்களின் இழப்பைத் தாங்கும் அமைப்பு பின்னாளில் இக்காரணம் பற்றியே பெருவழக்குற்றது.

அணி இருக்கப் படியெதற்கு என்பார் உளர். அவர் தட்டின் நோயொன்றையே எண்ணினர், தீயை எண்ணிலர். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூல்நிலையத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அச்சுநூல்கள் பல பிறவிடங்களிற் கிடைத்தன. ஏட்டுச் சுவடிகளுக்கு அவ்வாய்ப்பில்லை. ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் என்னும் முயற்சி 2005 இல் தொடங்கியதன் பொருளை உணர்தற்கு இவ்வொன்றே போதும்.

நம் முன்னோர் ஏடு பழுதுறுமுன் படியெழுதினர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887 இலும், உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894 இலும் அச்சேற்றியது அப்படிகள் எஞ்சியமையாலன்றோ! வளையாபதி முழுமையாய்க் கிடைத்திலது. எனினும் உரையாசிரியர் எடுத்தாண்டனவும் புறத்திரட்டிற் சேர்ந்தனவுமாகச் சில செய்யுட்கள் தப்பின. பிறதட்டிலிருந்து இழந்ததை மீட்டல் போல்வது இது, முழுதும் மீளாவிடினும்.

ஆயினும், படிகள் பல என்பதனால் மட்டும் அச்சம் நீங்காது. 1904 இற் சாமிநாதையர் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது, முதற்பத்தும் பத்தாம் பத்தும் அவருக்குக் கிடைத்த எப்பிரதியிலும் இருந்தில. கட்டின் இரு புறத்து ஏடுகளே முதலிற் சிதைவன. சிதைந்தபின் எஞ்சியதையே எழுதுவோர் எழுதினர் போலும். அவ்விருபது பாட்டுக்களும் இன்றுவரை முழுமையாய்க் கிடைத்தில.